வற்றல் வணிகரின் நாவல்கள்

மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரானைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இரண்டு ஆண்டுகள் தவறாமல் இடம்பெறும். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நூலாக வெளிவந்த 1988 ஒன்று. ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்த 1997 மற்றொன்று. முதலாவதைக் குறிப்பிடும்போது, அந்நூலை அவரே தம் செலவில் வெளியிட்டார் என்னும் செய்தியும் ஒரு வரியில் சேர்க்கப்படும். சொல்வோர் பெரும்பாலும் இரங்கும் குரலில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே விருதுக்குத் தாவிவிடுகின்றனர். துன்பம் முதலில், வெற்றி பின்னர் என்னும் அமைப்பு கேட்பதற்கு இனிமையானதுதான். ஆயினும் அந்த ஒரு வரியில் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துவந்த ஒருவர், தாம் எழுதிய நாவலுக்குத் தாமே முதலீட்டாளராகவும் ஆனார் என்பதில், அவருடைய மொழியைப் பற்றியும் நாவல்களின் கட்டமைப்பைப் பற்றியும் நம் சமுதாயத்தின் வாசிப்பைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன.

மீரான் 1944-இல் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்தவர். அவ்வூர் அப்போது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-இல் அவருக்கு வயது பன்னிரண்டு. கல்வி மலையாள வழியில். வீட்டிலும் தெருவிலும் பேசியது மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த கடற்கரைத் தமிழ். எழுத்துத் தமிழை அவர் பின்னாளில்தான் பழகிக்கொண்டார். பிழைப்பின் பொருட்டு மலைத்தொடரின் இப்பக்கத்திற்கு வந்து திருநெல்வேலியில் குடியேறினார். 2019 மே 10-இல் உடல்நலம் குன்றிக் காலமானதும் இந்நகரில்தான். தேங்காய்ப்பட்டினத்தருகே கடலில் கலக்கும் குழித்துறையாற்றுக்கும் தாமிரபரணி என்றொரு பெயருண்டு. மேற்கே ஓடும் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் பிறந்து, கிழக்கே ஓடும் தாமிரபரணியின் கரையில் வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் நாவலாசிரியரின் மனம் முதல் ஆற்றங்கரையை விட்டு எளிதில் பெயரவில்லை. நெல்லையில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் பெருநாவல்களுக்குக் கடலோரத்தையே அவர் களமாக்கினார். நெல்லை அவருக்குச் சோறு போட்டது. கதைக்கான உப்பு அங்கிருந்தே வந்தது.

வற்றல் வணிகம் என்பது என்ன வகையான தொழில் என்பதையும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். இலக்கியக் கட்டுரைகளில் அது ஒரு சுவையான முரணாக மட்டுமே குறிப்பிடப்படுகிறது. மூட்டையைப் பிரித்ததும் எழும் நெடியில் பழகாதவன் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. தும்மலும் இருமலும் கண்ணெரிச்சலும் அத்தொழிலின் அன்றாடம். நிறம் பார்த்து, காம்பு பார்த்து, கையில் அள்ளி ஈரம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். சரக்கு ஈரம் கோத்தால் பூஞ்சை பிடிக்கும். மிகவும் காய்ந்தால் எடை குறையும். இன்று வாங்கிய விலை நாளை நில்லாது. கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் எப்போது வரும் என்பது கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. இவ்வளவுக்கும் நடுவே சிட்டையும் பேரேடும் பிழையின்றி எழுதப்பட வேண்டும். ஊதியமும் விடுமுறையும் ஓய்வூதியமும் உள்ள ஆசிரியப் பணியிலிருந்தோ வங்கிப் பணியிலிருந்தோ எழுத வந்தவர்கள் தமிழில் மிகுதி. தம் கடையைத் தாமே திறந்து தாமே அடைத்துவிட்டு எழுத அமர்ந்தவர்கள் குறைவு. அந்த வாழ்க்கை எழுத்துக்குள் வராமல் இருக்குமா?

இனி, அவர் ஏன் தாமே வெளியிட நேர்ந்தது என்னும் வினாவுக்கு வருவோம். திருநெல்வேலி நூற்பதிப்புக்குப் புதிய ஊரன்று. தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920-இல் தொடங்கப்பெற்றது இவ்வூரின் பெயரைத் தாங்கித்தான். எனினும் 1980-களில் நாவல் வெளியிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் சென்னையிலேயே இருந்தன. அவற்றின் வாயிலை எட்ட அறிமுகம் வேண்டும். முஸ்லிம் பதிப்பகங்களோ மார்க்க நூல்கள், வரலாறுகள், நபிமார் வாழ்க்கைகள் ஆகியவற்றில் கருத்தூன்றியிருந்தன. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் போன்றோர் தமிழ் முஸ்லிம் வாசகரை உருவாக்கியதில் ஆற்றிய பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பள்ளிவாசலைச் சுற்றிய சிற்றூரின் கசடுகளைச் சொல்லும் நாவலுக்கு அங்கே இடம் இருந்திருக்குமா என்பது வேறு செய்தி. அந்நாவலைத் தொடராக வெளியிட்டது சமுதாய இதழான ‘முஸ்லிம் முரசு’தான். மீரான் சமுதாயத்தை வெளியாரிடம் காட்டிக்கொடுத்தார் என்று பிற்காலத்தில் குறைசொன்னோர் இதை எண்ணிப் பார்க்கவில்லை. அவர் முதலில் பேசியது நம்மிடம், நம் இதழில், நாம் படிப்போம் என்னும் நம்பிக்கையில்.

சொந்தச் செலவில் நூல் வெளியிடுதலை இழிவாகக் கருதும் வழக்கம் இடைக்காலத்தில் வந்தது. நம் இலக்கிய வரலாற்றில் அதற்கு மதிப்புமிக்க முன்னோர் உளர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது 1842-இல். அதைச் செய்தவர் நான்கு காப்பியங்கள் பாடிய ஷெய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் என்னும் புலவர் நாயகம். ஒரு புலவர் மற்றொரு புலவரின் நூலைத் தேடிப் பரிசோதித்து அச்சேற்றினார். கண்டியில் வழக்கறிஞராயிருந்த முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885-இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படும் அந்நூலின் ஆசிரியர், இதழாசிரியர், வெளியீட்டாளர் எல்லாம் ஒருவரே. மலையாளத்தில் வைக்கம் முஹம்மது பஷீர் தம் நூல்களைத் தாமே சுமந்து வீடுவீடாக விற்றதும், எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்தியதும் யாவரும் அறிந்தவை. எம்.என். காரச்சேரி எழுதிய பஷீரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்கியவர் மீரானே என்பதை இங்கே நினைவுகூரலாம். அவருக்கு முன்னே ஒரு முன்மாதிரி இருந்தது.

பழைய முறைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. உமறுவுக்குச் சீதக்காதியும் அபுல் காசிமும் இருந்தனர். வணிகர் பொருள் தந்தார், புலவர் பாடினார், நூலுக்குள் வள்ளலின் பெயர் வாழ்ந்தது. கடல்கடந்த வாணிபத்தால் செழித்த காயலும் கீழக்கரையும் நாகூரும் இம்முறையால் வளர்த்த இலக்கியம் நம் செல்வம். இருபதாம் நூற்றாண்டில் அவ்வாணிபம் மெலிந்தது. வள்ளல்கள் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்தனர். பாளையங்கோட்டையில் 1971-இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி அத்தகைய கொடையுள்ளத்தின் அழகிய சான்று. ஆனால் புலவனைத் தாங்கும் இடம் வெறுமையாயிற்று. மீரானிடத்தில் அவ்விரு பாத்திரங்களும் ஓர் உடலில் கூடின. வள்ளலும் அவரே, புலவரும் அவரே. பகலில் வற்றல் விற்றவர், இரவில் எழுதியவருக்குப் புரவலர்.

இதனால் அவருடைய மொழிக்கு நேர்ந்த நன்மையை முதலில் சொல்வோம். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ அன்றைய பெருநிறுவனம் ஒன்றின் கையில் சிக்கியிருந்தால் அதன் நடை என்னவாகியிருக்கும்? வாப்பாவும் உம்மாவும் தப்பியிருக்கலாம். ஆனால் தங்ஙள், லெப்பை, மொதலாளி ஆகியோரின் வாயில் வரும் பேச்சு நெடுக இழைந்து, அந்தப் பேச்சின் சாயல் ஆசிரியர் கூற்றுக்குள்ளும் கசிந்துவரும் அவ்வியல்பைச் செம்மைப்படுத்தாமல் விட்டிருப்பார்களா? பிறமொழிக் கலப்பு என்றும் இலக்கணப் பிழை என்றும் சொல்லி, கடலோரத்தானைச் சென்னை வானொலி அறிவிப்பாளர்போலப் பேசவைத்திருக்கக் கூடும். செலவு செய்தவர் எழுதியவராகவே இருந்ததால் அந்தக் கத்தி விழவில்லை. தென்கோடித் தமிழின் பேச்சு நாவலுக்குள் வருவது அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964-இலும் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968-இலும் வந்துவிட்டன. நெல்லைச் சீமையிலோ கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாகவே தொகுத்து முடித்திருந்தார். ஆயினும் தேங்காய்ப்பட்டினத்து முஸ்லிமின் நாக்கு அந்த வரிசையில் இடம்பெறவில்லை. அது அச்சேறியது மீரானின் பணத்தில்.

மலையாளத்தில் பஷீர் 1951-இல் தம் நாவலுக்கு மாப்பிள்ளைப் பேச்சிலேயே தலைப்பிட்டபோது நிகழ்ந்ததற்கு நிகரான நிகழ்வு இது. பஷீர் தம் மொழியின் இலக்கிய நடுவிலிருந்து அதைச் செய்தார். மீரான் விளிம்பிலும் விளிம்பிலிருந்து செய்தார். எழுத்துத் தமிழைப் பள்ளியில் பயின்றிராதது அவருக்குக் குறையாக இருந்திருக்கலாம். நூலுக்கு அது வரமாயிற்று. செய்யுள் மரபின் அலங்காரங்களோ மேடைத் தமிழின் அடுக்குகளோ அவருடைய காதில் முன்னதாகக் குடியேறியிருக்கவில்லை.

மொழியைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். நம்மை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. அவருடைய நாவல்களைக் கணக்குப் புத்தகத்தைப் படிப்பதுபோல் படித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நாவலின் அடியிலும் ஒரு பற்று வரவு ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் நாவலில் வடக்குவீட்டு அஹ்மதுக்கண்ணு முதலாளியின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? குலப்பெருமையிலிருந்து என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். பள்ளிவாசல் தலைமையிலிருந்து என்று ஊரார் எண்ணுகின்றனர். நாவலாசிரியர் நமக்குக் காட்டுவது தோப்புகளை; அத்தோப்புகளில் குடியிருப்போரின் அச்சத்தை; கடன்பட்டவனின் குனிந்த தலையை. அவரை எதிர்த்துப் பேசத் துணியும் மஹ்மூது யார்? சுறாப்பீலி வியாபாரி. ஆலிமோ படித்தவனோ அல்லன். அவனுடைய துணிவுக்குக் காரணம் தேடுவோர் அவன் குணத்தில் தேடுகின்றனர்; தொழிலில் தேட வேண்டும். முதலாளியின் தென்னையை நம்பி அவன் பிழைக்கவில்லை. கடல் தருவதை உலர்த்தி விற்கும் சிறு வணிகனுக்குத் தன் காலில் நிற்கும் சிறிய திண்ணை ஒன்று இருக்கிறது. அந்தத் திண்ணையளவே அவனது சுதந்திரம். சீர்திருத்தக் கருத்து வானத்திலிருந்து வந்து ஒருவன் வாயில் இறங்குவதாக மீரான் எழுதவில்லை என்பது நாம் வியக்கும் இடம்.

‘துறைமுகம்’ (1991) இக்கணக்கை இன்னும் விரிவாக எழுதுகிறது. கருவாட்டுச் சரக்கைக் கட்டி அனுப்புகிறவன் கரையில் இருக்கிறான். விலையைச் சொல்கிறவன் கொழும்பில் இருக்கிறான். இடையில் கடல். அங்கே விலை விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தால், அதை மெய்யா பொய்யா என்று பார்க்கக் கரையிலிருப்பவனுக்கு வழியில்லை. இந்த ஏமாற்றத்தை மீரான் ஒரு தீயவனின் சூழ்ச்சியாகச் சுருக்காமல், ஒரு முறைமையாகவே கண்டார். தன் சரக்கின் விலை தன் கைக்கு வெளியே தீர்மானிக்கப்படும்போது ஒரு மனிதன் எப்படி மெல்லமெல்ல மதிப்பிழக்கிறான் என்பதை எழுத, அவருக்கு இளமையில் கண்ட கருவாட்டு வணிகமும் நெல்லையில் செய்த வற்றல் வணிகமும் ஒருங்கே உதவியிருக்க வேண்டும். சொந்தமாக நூல் வெளியிடுகிறவனின் நிலையும் இதிலிருந்து அதிகம் விலகியதன்று. ஆயிரமோ ஆயிரத்திருநூறோ படிகளை அச்சிட்டு, கடைகளில் விற்பனைக்கு வைத்துவிட்டு, விற்றதா இல்லையா என்று அறிய மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவனும் கரையில் நிற்கிறவனே. நூலகத்துறை சில நூறு படிகளை வாங்கினால் அச்சகக் கடன் தீரும். வாங்காவிட்டால் மீதிக் கட்டுகள் கட்டிலுக்கடியில்.

‘சாய்வு நாற்காலி’யில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே வரவுப் பக்கமே கிடையாது. சௌதா மன்ஸில் என்னும் பெருவீட்டின் கடைசி வாரிசான முஸ்தபாக்கண்ணு, வீட்டிலுள்ள பழம்பொருள்களை ஒவ்வொன்றாக விற்று நாவின் ருசியைத் தீர்த்துக்கொள்கிறார். மார்த்தாண்ட வர்மரின் காலத்தில் வாளெடுத்து நின்ற பவுரீன் பிள்ளையின் வழிவந்த வீடு அது. முன்னோர் வரலாறு ஒருபுறம் விரிய, மறுபுறம் சாமான்கள் வாசலைக் கடந்து வெளியேறிக்கொண்டிருக்கின்றன. வீட்டுப் பெண்களை அடக்க முன்னோர் கையாண்ட அதபுப் பிரம்பும் அவ்வீட்டின் உடைமைகளுள் ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். குலப்பெருமை என்பதன் கீழ் என்னென்ன பொருள்கள் அடங்கும் என்று ஒரு வணிகர் பட்டியலெடுத்ததைப் போன்றது அந்நாவல். ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியைச் சொன்ன நாவல்கள் தமிழில் பல. அதை ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொரு வேளைச் சோறாக எண்ணிச் சொன்னது இது. முஸ்தபாக்கண்ணுவின் உடலை மீரான் எழுதியுள்ள விதத்தைத் தனியே ஆராயலாம். அசையாமை, பசி, தின்ற பின்னும் தீராத வேட்கை, நாற்காலியின் வளைவுக்கேற்ப வளைந்துபோன முதுகெலும்பு என்று சொல்லத் தோன்றுமளவு அந்த மனிதருக்கும் அவர் இருக்கைக்கும் உள்ள ஒட்டுதல். இது நோயா, சோம்பலா, மரபா என்று பிரித்தறிய இயலாதபடி எழுதப்பட்டிருப்பதே அதன் வலிமை. உழைத்துண்ணும் கடைக்காரர் ஒருவரின் கண்ணுக்கே உழைக்காத உடல் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் போலும்.

இந்தக் கணக்கு வாசிப்பை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மீரானை நம்மவர் இரு முகாம்களாகப் பிரிந்து படித்தனர். ஒரு சாரார், தங்ஙள்மாரின் ஏமாற்றையும் ஊதிப் பார்க்கும் நீரையும் மூடநம்பிக்கையையும் தோலுரித்தார் என்று அவரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டனர். மற்றொரு சாரார், சமுதாயத்தின் அழுக்கைப் பிறர் காணத் தெருவில் உலர்த்தினார் என்று முகம் சுளித்தனர். இரு சாராரும் நாவலில் கண்டது கருத்தை மட்டுமே. பின்னர் 2008-இல் ‘அஞ்சுவண்ணம் தெரு’ வந்தது. ஒரு நெசவாளர் தெருவின் தோற்றக் கதையிலிருந்து, அதே தெருவில் தவ்ஹீது சார்ந்தோருக்கும் பழைய வழியினருக்கும் மூளும் பிணக்கு வரை அந்நாவல் செல்கிறது. அழிந்துபோகும் தறியோசையும் மாலைப் பாடல்களும் கிழவிகளின் கதைகளும் அதில் துக்கத்தோடு நினைவுகூரப்படுகின்றன. தங்ஙளைக் கேலி செய்தவர் இப்போது தர்கா மரபுக்காக வருந்துகிறாரே என்று முதல் முகாம் குழம்பியது. குழப்பத்திற்கு இடமில்லை. முதல் நாவலில் மரபின் பெயரால் ஏழையிடமிருந்து பறிக்கப்பட்டதை அவர் எழுதினார். இருபதாண்டுகள் கழித்து, சீர்திருத்தத்தின் பெயரால் ஏழையிடமிருந்து பறிக்கப்பட்டதை எழுதினார். இரு நாவல்களிலும் இழப்பவன் ஒருவனே. எவர் பேரேட்டில் எழுதினாலும் அவன் பெயர் பற்றுப் பக்கத்தில்தான் வருகிறது. எந்தத் தரப்பும் தமக்கென முழுமையாக எடுத்துக்கொள்ள முடியாத ஒருவரை நாம் பெற்றிருந்தோம். எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதற்காகவே இரு தரப்பும் அவரைக் கைவிட்டன என்று சொன்னால் அது மிகையாகாது.

குறைகளை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கத்தி விழாததால் மொழி பிழைத்தது என்றோம். கத்தி விழாததால் தங்கிவிட்டவையும் உண்டு. முதல் நாவலில் தங்ஙளின் பாத்திரம் கேலிச்சித்திர அளவிலேயே நின்றுவிடுகிறது. அவரை நம்பி வருவோரின் மனத்துக்குள் செல்லும் ஆசிரியர், தங்ஙளின் மனத்துக்குள் ஒருமுறையும் செல்வதில்லை. பெண்களின் துயரை எழுதுவதில் அவருக்கு உள்ள கனிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் ஆயிஷாவைப் போன்றோருக்கு அழிவைத் தவிர வேறு வாசலை அவர் திறந்துவிடுவதில்லை. அழிவு நிகழ்வதில் பொய்யில்லை. நாவலாசிரியர் அதை நோக்கி விரைவதில்தான் பொய் சற்றுக் கலந்துவிடுகிறது. உறவுமுறைகளும் வீட்டுப் பெயர்களும் அடர்ந்து வரும் இடங்களில் வாசகர் திசை தவறுகிறார். வரலாறும் நிகழ்காலமும் பின்னப்பட்ட ‘சாய்வு நாற்காலி’யில் முன்னோர் பகுதிகள் சில, கேட்டறிந்த செய்திகளை விட்டுவிட மனமில்லாமல் சேர்த்தவைபோல் உள்ளன. நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் எதிரே அமர்ந்து, இந்தப் பக்கம் வேண்டுமா என்று கேட்டிருந்தால் மீரான் கேட்டுக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறோம். சொற்களைத் திருத்தாமல் கட்டமைப்பை மட்டும் வினவும் அத்தகையவர் அன்றைய தமிழில் அரியர்; முஸ்லிம் பதிப்புலகில் இலர்.

‘கூனன் தோப்பு’ (1993) இவ்வகையில் தனித்துச் சொல்லத்தக்கது. முஸ்லிம்களுக்கும் கிறித்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தைப் பொருளாகக் கொண்ட அந்நாவலில் அவர் தம்மவர் பக்கம் சாயவில்லை. தம் கைப்பணத்தைப் போட்டுத் தம் ஊராரின் குற்றத்தையும் அச்சிடும் மனநிலை எளிதில் வாய்ப்பதன்று. வெளியீட்டாளர் ஒருவர் இருந்திருந்தால், விற்பனைக்குத் தீங்கு என்று தடுத்திருக்கலாம். அல்லது எதிர்ப்பு வந்தால் நல்ல விளம்பரம் என்று கணக்கிட்டிருக்கலாம். அவ்விரண்டு கணக்குகளிலிருந்தும் அந்நாவல் விலகி நிற்கிறது.

விருதுக்குப் பின்னர் நிலை மாறிற்று. காலச்சுவடு, அடையாளம் ஆகிய பதிப்பகங்கள் அவருடைய நூல்களைச் செம்மையான வடிவில் கொண்டுவந்தன. நம் அமைப்புகள் பொன்னாடை போர்த்தின. பொன்னாடைகளின் எண்ணிக்கைக்கும் விற்ற படிகளின் எண்ணிக்கைக்கும் என்ன பொருத்தம் என்று நாம் ஆராயப் புகவில்லை. நெல்லையிலும் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் எத்தனை வீடுகளின் அலமாரியில் ‘துறைமுகம்’ இருக்கிறது என்று அவரவர் தம் வீட்டில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம். அவருக்குப் பின் வந்த சல்மா, கீரனூர் ஜாகிர்ராஜா, எஸ். அர்ஷியா, மீரான் மைதீன் ஆகியோரின் நாவல்களுக்கு அவர் அமைத்த பாதை உதவியது. அவர்களுள் பலருக்கு முதலிலேயே பதிப்பகம் கிடைத்தது என்பது 1988-இல் ஒருவர் செலவிட்ட பணத்தின் விளைவுகளுள் ஒன்று.

இன்று நம் ஊர்களில் சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோர் பெருகியுள்ளனர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியோர், ஊர் வரலாறு தொகுப்போர், கவிதை எழுதும் இல்லத்தரசியர் எனப் பலர். கணினி அச்சுக்கோப்பும் வேண்டிய அளவு படிகளை மட்டும் அச்சிடும் வசதியும் செலவைக் குறைத்துவிட்டன. திருமணத்திலும் கந்தூரியிலும் இலவசமாகக் கொடுத்துத் தீர்க்கிறார்கள். இலவசமாகக் கொடுத்த நூலைப் படித்தீர்களா என்று கேட்பது நாகரிகமன்று என்பதால் எவரும் கேட்பதில்லை. அச்சிடுவது எளிதாயிற்று, மீரானுக்குக் கிடைக்காமற்போன அந்த எதிரிருக்கை மனிதர் இவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் செலவிட்டு அச்சிடுவோர், பிழைதிருத்துபவருக்குச் சில நூறு ரூபாய் தரத் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். உள்ளூர்ச் சொல்லை வெட்கப்பட்டு நீக்கிவிட்டு, மேடைச் சொல்லை இட்டு நிரப்புவதையும் கண்டிருக்கிறோம். சொந்தச் செலவு தரும் ஒரே உரிமையை, தம் நாக்கில் எழுதும் உரிமையை, இவர்கள் தாமாகவே விட்டுக்கொடுக்கின்றனர். ஊர் வரலாறு எழுதும் ஒருவர் தம் வாப்பாவைத் தந்தையார் ஆக்கும்போது அவ்வூரில் பாதி மறைந்துவிடுகிறது.

நம் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் செய்யத்தக்க பணிகள் சில உண்டு. மீரானின் ஐந்து கடலோர நாவல்களுக்கும் 2017-இல் வந்த ‘குடியேற்ற’த்துக்கும் சேர்த்து ஒரு சொல்லடைவு வேண்டும். மீன், வலை, காற்று, சரக்கு, கடன், சடங்கு ஆகியவற்றுக்கு அவர் கையாளும் சொற்களைத் தேங்காய்ப்பட்டினத்து முதியோரிடம் கேட்டுப் பொருள் எழுத வேண்டும். அவர்களுள் பலர் எண்பதைக் கடந்தவர்கள். முதற்பதிப்புகளையும் பிற்பதிப்புகளையும் ஒப்பிட்டு எங்கெங்கே சொல் மாறியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். பி.கே. பாறக்கடவின் நூலை ‘மீஸான் கற்களின் காவல்’ என்றும், யு.ஏ. காதரின் குறுநாவல்களையும் அவர் தமிழாக்கியபோது மாப்பிள்ளைப் பேச்சுக்கு எந்தத் தமிழைத் தேர்ந்தெடுத்தார் என்பதைத் தனியே ஆராய வேண்டும். இவற்றுள் முதலாவதை இரண்டு முதுகலை மாணவர்கள் ஓராண்டில் முடித்துவிடலாம். அதை அச்சிடும் செலவை ஏற்க, நெல்லையில் வணிகர்கள் இன்னும் இருக்கிறார்கள்.